தையல் கடையிலிருந்து பேசுகிறேன்

போனக்கா பொய் சொல்லித்தான் சம்பளம் வாங்கினாள். ஆய்வுக் கூடத்துக்குள் இருக்கும்போது அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வெளியே யாராவது கேட்டால், "யூனிவர்சிட்டியில போன் பேசுற வேலை" என்பதோடு வாயைத் தைத்துக்கொள்வாள்.

அதற்கு முன்பு அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வழியாக வண்டி நேரம் அறிவித்துக்கொண்டிருந்தவள். பதிவு செய்த குரல் ஒன்று வந்து சேர்ந்ததும் நிலையத்தார் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் மட்டும் அவளோடு வந்துவிட்டது. நல்ல கனத்த குரல், ஒரு எழுத்துகூடத் தேயாது. அவளுடைய கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். "என்ன சமையல்னு என்கிட்ட சொல்றியா, பக்கத்துத் தெருவுக்குச் சேர்த்துச் சொல்றியா? ஆள் வந்துடப் போறாங்க" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஆய்வுக் குழு இருந்தது பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்தில், தாவரவியல் கட்டிடத்தைத் தாண்டி, சுண்ணாம்பு உரிந்த ஒரு மாடிக் கட்டிடத்தில். வாசலில் 'சமுதாய நல ஆய்வு' என்று மட்டும் பலகை. உள்ளே நடந்தது வேறு. வீட்டாருக்குத் தெரியாமல் கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் அங்கே வருவார்கள். கீழறையில் நர்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுவாள். அதற்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கிறது, தலை சுற்றுகிறதா, உதிரப்போக்கு உண்டா, வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்ததா என்று தொலைபேசியில் விசாரிக்க வேண்டியது போனக்காவின் வேலை. இந்தப் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இவர்களுக்கு எந்த மருந்தும் உருப்படியாக அமையாது என்பது குழுவின் தலைவியான பேராசிரியையின் கட்சி. அவரை எல்லோரும் மேடம் என்றே அழைத்தார்கள்.

பொய் எங்கே வருகிறது என்றால், போனை வேறு யாராவது எடுக்கும்போது. அதற்கென்று ஒவ்வொரு பெண்ணும் சேரும்போதே தனக்கு ஒரு காரணத்தைத் தேர்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன், அழகு நிலையத்திலிருந்து பேசுகிறேன், சோப்பு கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று இப்படி. குழுவில் இதற்குப் பெயர் 'சாக்கு'. "இந்தப் பொண்ணோட சாக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் போனக்கா எண்ணை அழுத்துவாள். பாதிப் பேருக்கு மேல் தையல் கடையைத்தான் கேட்டார்கள். எந்த வீட்டிலும் எடுபடும், யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். "டெய்லர் கடையிலேர்ந்து பேசுறேங்க, பிளவுஸ் ரெடியாயிடுச்சு" என்ற வாக்கியம் போனக்காவுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் ஒரு நாள் ஏதோ யோசனையில், "யூனிவர்சிட்டி ஆய்விலேர்ந்து பேசுறேன்" என்று ஒரு மாமனாரிடம் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அந்த எண் செத்துக் கிடந்தது. பல வாரம் கழித்து நர்ஸ் அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தாளாம். முன்பல் இரண்டைக் காணோம். நர்சைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். இதைக் கேட்ட நாளிலிருந்து போனக்கா எண்ணை அழுத்தும்போதெல்லாம் நாக்கால் தன் முன்பல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாத பழக்கம்.

அவளுக்குக் கொடுத்திருந்த அறை முன்பு காய்ந்த செடிகளை அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் கதவைத் திறந்து போட்டு, வராந்தாவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசுவாள். பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிடும் என்று பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு தண்ணீர். வராந்தாவில் யார் பெருக்குகிறார்கள், யார் தண்ணீர் வைக்கிறார்கள், எந்த மாணவி யாரோடு சண்டை போடுகிறாள் என்று எதற்கும் திரும்ப மாட்டாள். காதில் ஒரு பெண் இருக்கும்போது கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பாள்.

அந்தப் பெண்களில் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம். அவர்களில் ஒருத்தி மேல் அவளுக்குக் கூடுதல் பாசம். தையல்காரப் பெண். வீட்டிலேயே எந்திரம் போட்டுத் தைப்பவள். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். மூன்றாவது தங்கவில்லை. அந்தப் பிரசவத்தில் இவளுக்கே உதிரம் நிற்காமல், ஆள் பிழைத்ததே பெரிய பாடு.

"இன்னொண்ணு வந்தா நான் இருக்க மாட்டேன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கக்கா," என்று ஒரு நாள் போனில் சொன்னாள். "எங்கத்தை கேக்க மாட்டேங்குறாங்க. போன புள்ளைக்குப் பதிலா ஒண்ணு வந்தே ஆகணுமாம். ஊசி கீசின்னு தெரிஞ்சா அன்னைக்கே எனக்குச் சமாதி. இவரு அம்மா முன்னாடி வாயே திறக்க மாட்டாரு. எனக்கு இவருகிட்டயும் பயம்தான்."

அவள் தையல்காரியாக இருப்பதால் தையல் கடைச் சாக்கு அவளுக்கு ஆகாது. நூல் கடை என்று வைத்துக்கொண்டாள். 'நீங்க கேட்ட கலர் நூல் வந்திருக்கு.' அட்டையில் பெரிதாக எழுதி எதிரே வைத்திருந்தார்கள். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் என்ன பயன்? வாய் என்று ஒன்று இருக்கிறதே.

அன்று காலையிலிருந்து வரிசையாகத் தையல் கடைப் பெண்களே அமைந்துவிட்டார்கள். வாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த எண்ணை அழுத்தினாள். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"யாருங்க?"

"டெய்லர் கடையிலேர்ந்து பேசுறேங்க. அவங்க பிளவுஸ் ரெடியாயிடுச்சு, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கண் அட்டைக்குப் போனது. நூல் கடை.

மறுமுனையில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் எந்திரம் சட்டென்று நின்றது.

"பிளவுஸா?" என்றது ஆண் குரல். "என் சம்சாரமே தையல்காரிங்க. ஊருக்கே தைச்சுக் குடுக்குறா. அவளுக்கு நீங்க என்னத்தத் தைச்சீங்க?"

"யாருடா அது?" என்று ஒரு வயதான பெண் குரல் நெருங்கி வந்தது.

போனக்காவின் விரல் போனை அணைக்கப் போனது. வைத்துவிடலாமா? வைத்துவிட்டால் யார் அது, ஏன் வைத்தாள், உனக்கு எப்படித் தெரியும் என்று அங்கே ஆரம்பிக்கும். முன்பல்லை நாக்கு தேடியது.

"ஓ, தைக்கத் துணி குடுக்குறதுக்கா கூப்பிட்டீங்க?" என்றான் அவன். அது நக்கலா, கோபமா, வேவு பார்க்கிறானா என்று பிடிபடவில்லை.

"ஆமாங்க, அதேதாங்க!" அவள் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். "எங்ககிட்ட ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. உங்க வீட்டுல நல்லா தைப்பாங்கன்னு சொன்னாங்க. அதான் வெளியில குடுக்கலாம்னு."

"ரெடியாயிடுச்சுன்னு சொன்னாளே?" என்றது கிழவியின் குரல், போனுக்கு மிக அருகில்.

"துணி ரெடியா இருக்குன்னு சொன்னேம்மா."

"அப்ப வீட்டுக்கே கொண்டாங்க, நாளைக்கு," என்றான் அவன். வழியும் சொன்னான். போன் அணைந்தது.

போனக்கா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி நர்சிடம் போனாள். நர்ஸ் வயதில் சின்னவள், வாயில் பெரியவள். கேட்டுவிட்டு ஊசிப் பெட்டியை அப்படியே கீழே வைத்தாள்.

"நீங்க போகலைன்னா அவ மாட்டினா. போனா நீங்களும் சேர்ந்து மாட்டினீங்க," என்றாள். "உங்களுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமாக்கா?"

"பொத்தான் அறுந்தா எங்க வீட்டுக்காரரு தைச்சுக் குடுப்பாரு."

"நல்லாயிருக்கு."

இருவரும் மேடத்திடம் போனார்கள். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் போனக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வெகுநேரம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"இதை நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும். சொல்வேன்," என்றார் கடைசியில். "அதுல உங்க வேலை போனாலும் போகலாம், என் ஆய்வு நின்னாலும் நிக்கலாம். ஆனா அது அப்புறம். முதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. நீங்க போகாம இருந்தா அவங்க மாமியார் சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க மேடம்."

"அப்ப போங்க. வேற வழி எனக்குத் தெரியல."

துணிக்கு எங்கே போவது? மேடத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்து அலமாரியில் தூங்கிய பச்சைத் துணி ஒன்று, நர்ஸ் தைக்கச் சோம்பல்பட்டுப் பையிலேயே வைத்திருந்த பூப்போட்ட துணி ஒன்று. தையல் கடை இரண்டு துணியோடு திறப்பு விழா கண்டது.

அன்று மாலை வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். "என்ன, இப்படிச் சில்லுன்னு இருக்கே? இதுக்கு நான் கேஸ் நிரப்பவே வேணாம் போலிருக்கு." அவள் சிரிக்காததைப் பார்த்து அவர் முகம் மாறியது. "ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. தலைவலி."

கட்டிய கணவரிடமும் சொல்லக் கூடாது என்பது கூடத்தின் விதி. இத்தனை வருஷத்தில் அந்த விதி அவளுக்கு இவ்வளவு கனத்தது இல்லை. வாசல் கதவைச் சரியாகத் தாழ்ப்பாள் போட்டோமா என்று மறுபடி மறுபடி எழுந்து பார்த்தாள்.

மறுநாள் நர்ஸ் தெருமுனைக் கடையில் நின்றுகொண்டாள். அரை மணிக்கு மேல் ஆனால் நான் உள்ளே வந்துவிடுவேன் என்று தைரியம் சொன்னாள். போனக்கா மட்டும் சந்துக்குள் நடந்தாள். ஒட்டி ஒட்டி வீடுகள், மேலே துணிக்கொடிகள். ஒவ்வொரு வாசலிலும் யாரோ நின்று அவளையே பார்ப்பதாக ஒரு நினைப்பு. உண்மையில் ஒரு பூனை மட்டும்தான் பார்த்தது.

வீடு ஒன்றரை அறை. வாசலை ஒட்டி எந்திரம். கட்டிலில் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைகளின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் பூதமாக இல்லை. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்த, சாதாரண வயதான அம்மாவாக இருந்தார். அதுதான் போனக்காவை இன்னும் பயமுறுத்தியது. பூதமாக இருந்தால் எதை எதிர்பார்க்கலாம் என்றாவது தெரியும்.

"நேத்து போன் பண்ணினது நீங்கதானா? உள்ள வாங்க," என்றார் மாமியார். "கடை எங்க இருக்கு?"

"காலேஜ் ரோட்டுலம்மா."

அவள் குரல் கேட்டதும் சமையல் மூலையில் ஒரு பாத்திரம் கை நழுவி விழுந்தது. மெலிந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா. இவளா? குரலை வைத்துப் போனக்கா இவளை வாட்டசாட்டமாக நினைத்து வைத்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த உடம்பு மாதிரியே இல்லை. காற்றடித்தால் போய்விடுவாள்.

"எத்தனை மெஷின் ஓடுது கடையில?" மாமியார் விடவில்லை. "இந்தத் துணிக்குக் கிராஸ் கட்டிங்கா, நேர் கட்டிங்கா? லைனிங் யாரு குடுக்குறது?"

போனக்காவுக்கு வியர்த்தது. கிராஸ் என்றால் என்ன, நேர் என்றால் என்ன? எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். "எனக்குத் தையல் தெரியாதும்மா," என்றாள். "நான் போன் பேசுறது மட்டும்தான்." பயத்தில் உண்மை வந்துவிட்டது. ஆச்சரியம், அது எடுபட்டது.

"அது சரி. போனுக்கே ஒரு ஆளா? பெரிய கடைதான்." மாமியார் துணிகளை விரித்துப் பார்த்தார். "அளவு பிளவுஸ் எங்க?"

அளவு பிளவுஸ். ஊரில் எந்தத் தையல்காரியிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தானே! கூடத்தில் அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்தும் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. போனக்கா பையைத் துழாவினாள். பையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே துழாவினாள். மாமியாரின் கை மடிப்பதை நிறுத்திவிட்டது.

"அவங்களுக்குத்தான் தைக்கிறது அத்தை," என்றாள் தையல்காரப் பெண். "உடம்புலயே அளவு எடுத்துக்குறேன். இப்படி வெளிச்சத்துக்கு வாங்கக்கா."

ஜன்னல் பக்கம் மாமியாருக்கு முதுகு வரும்படி அவளைத் திருப்பி நிறுத்தினாள். நாடா கழுத்தைச் சுற்றியது. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. தோள் அளவு எடுக்கக் குனிந்தபோது வாய் காதருகில் வந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தெரியாம வந்துடுச்சும்மா. மன்னிச்சுடு."

"இனி போன் பண்ணாதீங்க. அவரு நேத்திலேர்ந்து என்னையே பாத்துட்டிருக்காரு. ஒண்ணும் கேக்கல. கேக்காம இருக்குறதுதான் பயமா இருக்கு."

"ஊசிக்கு நாள் வந்துடுச்சேம்மா. தள்ளிப்போனா ஆபத்து."

"தெரியும்." நாடாவை இடுப்பில் இறுக்கினாள். "எப்படி வர்றதுன்னுதான் தெரியல."

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்றார் மாமியார்.

"கழுத்து எவ்வளவு இறக்கம்னு கேட்டேன் அத்தை."

வாசலில் நிழல் விழுந்தது. தையல்காரப் பெண்ணின் கணவன். வேன் சாவி விரலில் தொங்கியது. சட்டையின் ஒரு தோள்பட்டை மட்டும் நனைந்திருந்தது. அவன் போனக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. விரித்திருந்த துணிகளைப் பார்த்தான், நாடாவைப் பார்த்தான், மனைவியின் கையைப் பார்த்தான்.

"இவங்கதானா?" என்றான்.

"இவங்கதான். தனக்கே தைச்சுக்க வந்திருக்காங்க," என்றார் அம்மா. கடைசி வார்த்தையை இழுத்தார்.

"சரி. தைச்சதும் நானே கொண்டாந்து குடுக்குறேன். கடை எங்க?"

இல்லாத கடைக்கு எந்த வழியைச் சொல்வது? "கடைக்கு வேணாங்க," என்றாள் போனக்கா. "யூனிவர்சிட்டி பின் கேட்டுக்கு வந்துடுங்க. அங்க ஒரு மேடத்துக்கும் சேர்த்துத்தான் துணி. போட்டுப் பாத்து, சரியில்லைன்னா அங்கயே பிரிச்சுத் தைக்கணும். அதனால அவங்களும் வரணும்."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னதும் தையல்காரப் பெண்ணின் கண் ஒரு கணம் விரிந்தது. கணவன் தலையை ஆட்டினான். போனக்கா சந்திலிருந்து வெளியே வந்ததும் நர்சின் தோளைப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தாள்.

பிறகு காத்திருப்பு. போன் செய்யக் கூடாது. ஊசி கொஞ்சம் தள்ளிப்போனால் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. நர்ஸ் தினமும் வந்து சுவர் நாட்காட்டியைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், போய்விடுவாள். போனக்கா மற்றப் பெண்களிடம் பேசும்போதெல்லாம் அட்டையை விரலால் தொட்டுக்கொண்டே பேசினாள். அந்த எந்திரம் நின்ற சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. அவன் அடித்திருப்பானோ? அம்மா கேள்வி கேட்டுக் கேட்டு உண்மையைக் கறந்திருப்பாரோ? தெருவில் வாயை மூடிக்கொண்டு போகும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் நின்று முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

இனித் தாங்காது என்று நர்ஸ் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்குப் போன் வந்தது. ஆண் குரல். "பிளவுஸ் தைச்சாச்சு. பின் கேட்டுலதான் நிக்கிறோம்."

போனக்கா ஓடினாள். வேனிலிருந்து தையல்காரப் பெண் இறங்கி நின்றாள். கையில் பொட்டலம், முகத்தில் இரத்தமே இல்லை. பல் எல்லாம் இருந்தது. போனக்கா முதலில் பார்த்தது அதைத்தான்.

"நீ உள்ள போம்மா, மேடம் போட்டுப் பாக்கக் காத்திருக்காங்க," என்றாள். பெண் கட்டிடத்துக்குள் போனாள். இனிக் கொஞ்ச நேரம் இந்த மனிதனை இங்கேயே பிடித்து வைக்க வேண்டும். என்ன பேசுவது? வெயிலைப் பற்றிப் பேசலாமா?

அவன் வேனில் சாய்ந்து நின்றுகொண்டு கட்டிடத்தையே பார்த்தான். "அடுத்த துணி எப்பங்க குடுப்பீங்க?"

"மூணு மாசத்துல," என்றாள் போனக்கா. பழக்கதோஷம். எந்தத் தையல் கடை மூன்று மாதக் கணக்குச் சொல்லும்? நாக்கைக் கடித்துக்கொண்டாள், இம்முறை நிஜமாகவே.

"மூணு மாசம்," என்றான் அவன். "சரி. நாள் எனக்குத் தெரியும். நானே கூட்டிட்டு வரேன்."

அவள் கட்டிட வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும்மா," என்றான். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க மாடியில தண்ணி கேன் மாத்துறது நான்தான். ஏழெட்டு மாசமா. நீங்க திரும்பிப் பாத்ததில்ல. சுவத்தப் பாத்துப் பேசிட்டிருப்பீங்க. டெய்லர் கடைம்பீங்க, சோப்பு கம்பெனிம்பீங்க. அப்புறம் பொண்ணு லைனுக்கு வந்ததும் ஊசி போட்ட எடம் வலிக்குதாம்பீங்க."

அவன் வேனின் பின்பக்கம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அடுக்கடுக்காக நீலத் தண்ணீர் கேன்கள்.

"ஒரு நாள் அவ இந்தப் படியில இறங்கி வர்றதப் பாத்தேன். கேனோட தூணுக்குப் பின்னால நின்னுட்டேன். இந்தப் பக்கம் கேன் போடுற லைன் எனக்கு வந்ததை வீட்டுல சொல்லல." "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ரத்தத்துக்கு ஓடினவன் நான். இன்னொண்ணு வந்தா என்னாகும்னு எனக்குத் தெரியாதா? நீங்க போன் பண்ணினப்ப ஸ்பீக்கர் போட்டிருந்துச்சு, அம்மா பக்கத்துல. அதான் அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே அதட்டிக் கேட்டுட்டு, அப்புறம் துணி குடுக்கவான்னு எடுத்துக் குடுத்தேன்."

தெரியும் என்றால் அவளிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, பயந்தே செத்துக்கொண்டிருக்கிறாளே, அம்மா முன்னால் வாயைத் திறந்தால் என்ன, ஆம்பளைதானே நீ என்று போனக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அத்தனை கோபம். ஆனால் ஒரு வார்த்தை சொன்னாலும் ஒத்துக்கொண்டதாகிவிடும். இனிக்க இனிக்கப் பேசி உண்மையைப் பிடுங்கிக்கொண்டு போன கணவன்மார் கதை அவளுக்கு எத்தனையோ தெரியும். இவன் எந்த ரகம்? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

கேட்காத கேள்விக்கு அவனே பதில் சொன்னான். "சொன்னா அவளுக்கு நிம்மதியாயிடும். அந்த நிம்மதி மூஞ்சியில தெரியும். எங்கம்மா அதைப் பாத்துடுவாங்க."

"நீங்க என்ன சொல்றீங்கன்னே எனக்குப் புரியலங்க," என்றாள் போனக்கா. பேருந்து நிலையக் குரல் பாதியில் உடைந்தது. "நான் டெய்லர் கடை."

"அதேதான். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க." முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்தான். "கதவ மட்டும் சாத்திட்டுப் பேசுங்கம்மா. அந்த வராந்தாவுல கேன் தூக்குறவன் நான் ஒருத்தன் இல்ல."

தையல்காரப் பெண் வெளியே வந்தாள். "கை மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சாம். பிரிச்சுக் குடுத்துட்டேன்," என்று கணவனிடம் ஒப்பித்தாள். அவன் தலையாட்டிவிட்டு வேனின் மறுபக்கக் கதவைத் திறந்தான். "இப்படி இந்தப் பக்கமா ஏறு," என்றான். ஊசி போட்ட கை கதவில் இடிக்காத பக்கம் அது. அவள் பயந்துகொண்டே ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

போனக்கா மாடி ஏறினாள். வராந்தாவில் பெருக்குகிறவர் இருந்தார். படியில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி மாட்ட வந்த ஓர் ஆள் ஏணியில் நின்றான். அவர்களுக்கு எந்தத் தெருவில் வீடு? யாருடைய மகன், யாருடைய மைத்துனன்? இத்தனை மாதமாக இவர்கள் முன்னால் எத்தனை பெண்களை, எந்தெந்தப் பெயரில், எவ்வளவு உரக்கக் கூப்பிட்டிருக்கிறாள்? மேடத்திடம் இதையும் சொல்ல வேண்டும். இன்றே சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெண் காத்திருந்தாள். குறித்த நேரத்தில் பேசாவிட்டால் அவளாகக் கூப்பிட்டுவிடுவாள், அது இன்னும் ஆபத்து.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உடனே வியர்க்க ஆரம்பித்தது. அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு எண்ணை அழுத்தினாள். அந்தப் பெண்ணே எடுத்தாள். போனக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள்.

"அக்கா, ஒண்ணும் கேக்கலக்கா. கொஞ்சம் சத்தமா பேசுங்க," என்றாள் அந்தப் பெண்.

போனக்காவுக்குச் சத்தம் வரவில்லை.